வீட்டுக்காரர்

ஆபீசர் இன்னும் மேல்வரிசையில்தான் நிற்கிறார். மொத்தம் பதினோரு வீடு, அதில் நாலு முடிந்திருக்கும், மாயக்காவின் வீடு பதினொன்றாவது. வீட்டுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் அடுப்பில் கிடக்கிற உருளைக்கிழங்கு வெந்து, தோலை உரித்துத் தின்று, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நிற்க நேரம் இருக்கிறது, இப்போதே எதற்கு இந்தப் பறப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டுக் கட்டை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து என்ன செய்யப்போகிறாள். நடுவதற்கு நிலம் எங்கே இருக்கிறது. ஒன்பது நாள் விடாமல் பெய்த மழையில் மேட்டுக்காடு அப்படியே வழுக்கி வந்து, மூன்று வீட்டையும் அவளுடைய ஐந்து அடுக்கு வயலையும் வாரிக்கொண்டு ஓடைக்குள் போய்ப் படுத்துவிட்டது. மிச்சம் நிற்கிற வீடுகளில் விரிசல் விடாதது ஒன்றுகூட இல்லை. நெடுவரையில் இனி மனுஷர் குடியிருக்கக் கூடாது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. எழுதிக்கொண்டு போகத்தான் ஆபீசர் வந்திருக்கிறார். எழுதி முடித்த வீட்டுச் சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. ஆனாலும் ஐப்பசி வந்தால் கை பூண்டைத் தேடுகிறது, அதுக்கு என்ன தெரியும், கழுதை. பெரிய பல் ஒருபக்கம், சின்னப் பல் ஒருபக்கம், சொத்தை அடுப்புக்கு. அவள் உண்மையில் செய்யவேண்டிய வேலை வேறு. ஆபீசர் வாசலில் வந்து நின்று கேட்டவுடன் ஒரு பேரைச் சொல்லவேண்டும். ஒரே ஒரு பேர், அவ்வளவுதான் இன்றைக்கு வேலை.

குடும்பம் என்றால் கீழே சர்க்கார் காலனியில் ஒரு வீடு. தனியாள் என்றால் வீடு கிடையாது, இல்லம். ஆம்பிளைத் தனியாளுக்கு ஒரு டவுனில் இல்லம், பொம்பளைத் தனியாளுக்கு வேறொரு டவுனில், நடுவே பஸ்ஸில் ஒரு முழுப் பகல். தலையாரி போன வாரமே வந்து விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார், அவர் என்னவோ நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார், பொம்பளைகள் இல்லத்தில் வரிசையாக இருபது இரும்புக் கட்டில் போட்டிருக்கும், மூன்று வேளையும் சோறு, மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் படுக்க வேண்டும். இருபது கட்டில். அறுபத்தோரு வயதுக்கு மேல் பத்தொன்பது பொம்பளைகளின் இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதற்கா பிறந்தோம் என்று அன்றைக்கு நினைத்தாள். தனியாள். அந்தச் சொல்லைத் தலையாரி சொன்ன விதம் வேறு, விதைக்கு ஆகாத கிழங்கைத் தள்ளி வைப்பதுபோலச் சொன்னார். நேற்று ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது சென்றாயன் அங்கே பல் விளக்கிக்கொண்டு நின்றான். மண்ணோடு போன மூன்று வீட்டில் ஒன்று அவனுடையது, பதினைந்து நாளாகப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல்தான் படுக்கை. வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு, அவளைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மாயி, நாளைக்கு ஒன் வீட்டுக்காரர் யாருன்னு கேப்பாங்க. சென்றாயன்னு சொல்லிரு. ஒரு வீடு குடுப்பாங்க, ரெண்டு பேரும் கெடந்துக்கலாம்." அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஏன், ஒனக்கு வாயில்லையா, நீயே சொல்லிக்கயேன்" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, கெழவன் காலனி வீட்டுக்கு ஆசப்பட்டு ஒட்டிக்கிட்டான்னு பேசுவாங்க. நாப்பது வருசமா கொல்லவாசல்ல நொழஞ்சவன் நானு. ஒரே ஒரு தடவ, நாலு பேரு கேக்க நீ சொல்லு. நீ சொல்லலேன்னா சண்டைக்கெல்லாம் வரமாட்டேன், வீடில்லாத தனியாளுங்கள நாளைக்கே ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போறாங்களாம், நானும் ஏறிருவேன்." சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கிழவனுக்கு ரோஷத்தைப் பார்.

மேல்வரிசையில் சத்தம் கேட்டது, ஐந்தாவது வீட்டில் யாரோ அழுகிறார்கள். பெருக்கல் குறி போடும்போது அழாத வீடே இல்லை. அழட்டும். மாயக்கா எட்டி முன்வாசலைப் பார்த்தாள். இடதுபக்கம் நிற்கிறார் மகாராஜர். ஆளுயரத்துக்கு மேல் அரை முழம், கருங்காலி மரம், பாதத்தில் மஞ்சள், இடுப்பில் திருகாணிபோல ஒரு கணு. நிலைக்கால். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் தாலி கட்டின புருஷன். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கத்தான் செய்வார்கள், அவளுக்கே அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மூத்த பெண்ணை வீட்டுக்குக் கட்டி வைப்பது நெடுவரை வழக்கம். மஞ்சள் கயிற்றின் ஒரு முனையை நிலைக்காலில் சுற்றி மறுமுனையை அவள் கழுத்தில் போட்டு அப்பன் முடிச்சுப் போட்டான், ஊர் மந்தையில் எல்லோருக்கும் கோதுமைக் கஞ்சியும் வெல்லமும். அதற்கப்புறம் அவள் அந்த வீட்டுக்காரி, வயல் அவளுக்கு, அவள் வயிற்றில் பிறக்கிற பிள்ளைக்கு. பிள்ளை யாருக்குப் பிறக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது, நம் ஆளாக இருந்தால் சரி. கேட்டால் வீட்டுக்குப் பிறந்தது. மறுநாள் ஓடையில் துணி துவைக்கப் போனபோது கூட்டாளிகள் விட்டார்களா, ஏண்டி, ஒன் மாப்பிள்ளைக்குக் கரையான் பிடிச்சிருக்காம்ல, ராத்திரி குறட்டை விடுறாரா, ஒன்னய அடிச்சா நீ வாங்கிக்குவியா இல்ல முட்டிக்குவியா. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். நாலைந்து வருஷம் கழித்துத்தான் சிரிப்பு நின்றது, கூட்டாளிகள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் கட்டி அடுத்த மலைக்கும் கீழ்நாட்டுக்கும் போனபோது, வாசலில் நின்று வழியனுப்பிவிட்டுத் திரும்பினால் இவர் நிற்கிறார். போகமாட்டார், வரமாட்டார், ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஒருதடவை ஆத்திரத்தில் விளக்குமாற்றால் நாலு சாத்து சாத்தினாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் விரலில் சிராய் ஏறி ஒரு வாரம் சீழ் பிடித்துக் கிடந்தது.

இந்த வழக்கத்தை முதலில் யோசித்தவன் யாரோ, அவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும். கேட்டால் என்ன சொல்வான், கதைதான் சொல்வான். கீழ்நாட்டில் பெண் கேட்டு வந்த பாளையக்காரனுக்குப் பயந்து ஏழு குடும்பம் விதைப்பெட்டியோடு மலையேறினார்களாம், ஏற ஏற அவன் ஆட்கள் பின்னாலேயே வந்தார்களாம், முகில் இறங்கி வழியை மூடினதால் தப்பித்தார்களாம், முகில் விலகினபோது கண்ணில் பட்ட பள்ளத்தாக்கு இது. அன்றைக்கு விலகினதோடு சரி, அப்புறம் விலகினதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. வருஷத்தில் பாதி முகில், மிச்சத்தில் பாதி உறைபனி, விடியக்காலம் உருளைச்செடி இலையெல்லாம் வெந்தமாதிரி கருகித் தொங்கும். காட்டெருமை மேய்ந்தது போக மிஞ்சினதுதான் வெள்ளாமை. உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் மட்டக்குதிரை கட்டிக்கொண்டு கணவாய் ஏறி இறங்கினால் போக ஒரு நாள், வர ஒன்றரை நாள். குதிரையில் வந்த துரை ஒருத்தன் ஆள்களை எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு போனானாம், காட்டிலாகாக்காரன் வந்து தண்ணீரை உறிஞ்சுகிற சீகை மரம் நட்டான், சீகை வந்தபின் ஊற்று பாதி செத்தது, ஓட்டுக் கேட்க வந்தவர்கள் வந்தார்கள், போன தை மாதந்தான் ஜீப் வருகிற அளவுக்கு ரோடு வந்தது. ரோட்டுக்காக மேட்டுக்காட்டின் அடியை வெட்டினார்கள். வெட்டும்போதே சென்றாயன் சொன்னான், இது உக்காரும் பாரு என்று. யார் கேட்டார்கள். முந்நூறு வருஷம் ரோடு வேண்டும் ரோடு வேண்டும் என்று கிடந்த ஜனம், வந்த ரோட்டில் முதலில் கீழே போகிறது தாங்கள்தான் என்று யார் கண்டது. இத்தனையும் எதற்கு, கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டி, கூடையில் மண் சுமந்து அடுக்கி ஒரு முழ அகலத்துக்கு ஒரு வயல். அந்த ஒரு முழம் வேறு கைக்குப் போய்விடக் கூடாது என்றுதான் பெண்ணை மரத்தில் கட்டினார்கள். அந்த ஒரு முழம் ஓடைக்குள் கிடக்கிறது இப்போது. அவள் மட்டும் இன்னும் கட்டினபடியே இருக்கிறாள், இதற்கு யாரிடம் போய் அழுவது.

கிழங்கு வெந்திருக்குமா என்று குத்திப் பார்த்தாள், வேகவில்லை. இந்தக் குளிரில் எதுதான் வேகிறது. அவளுக்கு இருபத்தொன்று, சென்றாயனுக்கு இருபத்துநாலு. ஏர்க்காலுக்கு மரம் செதுக்க வந்தவன் கொல்லைப்பக்கம் நின்று தண்ணீர் கேட்டான். முன்வாசல் வழியாக வரமுடியாது, முன்வாசலில் புருஷன் நிற்கிறார் அல்லவா, அவரைத் தாண்டி இன்னொரு ஆம்பிளை உள்ளே வந்தால் அது பெரிய குற்றம், மந்தையில் நிறுத்திவிடுவார்கள். கொல்லைவாசல் வழியாக வந்தால் குற்றம் இல்லை. யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் பார்க்கவில்லை. அன்றைக்குக் குனிந்து நுழைந்து தலையில் இடித்துக்கொண்டான், நாற்பது வருஷமும் அந்த வாசலில் குனிந்துதான் நுழைந்தான், இப்போது முதுகே கூனிவிட்டதால் குனிய வேண்டியதில்லை. வேறு கல்யாணமும் பண்ணவில்லை. ஆத்தாக்காரி கெஞ்சினாள், பெண்ணெல்லாம் பார்த்தாள், "ஆவாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். ஏன் பண்ணவில்லை என்று மாயக்காவும் கேட்டதில்லை, பண்ணு என்றும் சொல்லவில்லை, அந்தப் பாவம் அவளைச் சேர்ந்தது. ஒரே ஒரு தடவை, கீழ்நாட்டுக்கு வந்துவிடு, தோட்டத்தில் கூலிக்கு ஆள் எடுக்கிறான், இரண்டு பேரும் பிழைத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டான். அவள் போகவில்லை. போனால் ஐந்து அடுக்கு வயலும் சித்தப்பன் மக்களுக்குப் போய்விடும். வயிற்றில் அப்போது நாலு மாதம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு பிடி மண்ணாவது வேண்டாமா என்று கேட்டாள், அவன் தலையாட்டினான், அந்தப் பேச்சை அப்புறம் எடுத்ததே இல்லை.

பிள்ளை எட்டு மாதம் இருந்தது. பெண்பிள்ளை, மூக்கு அப்படியே சென்றாயன் மூக்கு, முனையில் அமுக்கினமாதிரி. கார்த்திகையில் காய்ச்சல், கணவாயில் மரம் விழுந்து கிடக்கிறது, முகில், நாலடி தூரம் தெரியவில்லை. சென்றாயன்தான் துணியில் கட்டி மார்போடு போட்டுக்கொண்டு ஓடினான், பாதி வழியில் திரும்பி வந்துவிட்டான், திரும்பி வந்த நடையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம், இந்தப் பக்கம் போகாதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டு பூண்டுப் பல்லை அழுத்தி உரித்தாள். ஆனால் அந்தப் பக்கம்தான் போகும், மனசு எங்கே சொன்னபடி கேட்டது. குழியில் முதல் பிடி மண் தகப்பன் போடவேண்டும். ஊர்ப்பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முறைப்படி, வீட்டு வாசலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவரச் சொன்னார், நிலைக்காலடி மண், அதுதான் தகப்பன் போட்ட மண். அப்புறம் சித்தப்பன், மாமன், அக்கம்பக்கம். சென்றாயன் எல்லோருக்கும் கடைசியில் வந்தான், ஊரான் போடுகிறமாதிரி ஒரு பிடி போட்டான், போட்டுவிட்டுக் கையைத் தட்டாமல் அப்படியே மூடிக்கொண்டு போனான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இவன்தான்யா தகப்பன் என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும், வயல் போயிருக்கும், அவ்வளவுதானே. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் நேற்று கேட்டது காலனி வீட்டை இல்லை. அது அவளுக்குத் தெரியாதா என்ன. முப்பத்தொன்பது வருஷம் பிந்தி அந்த ஒரு வார்த்தையைக் கேட்கிறான்.

எட்டாவது வீடு. ஆபீசரின் குரல் இப்போது தெளிவாகவே கேட்கிறது, சளி பிடித்த குரல், பாவம், கீழ்நாட்டு உடம்பு. சரி, சொல்லிவிடலாம். அதில் என்ன கஷ்டம். "சென்றாயன்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. வராமல் என்ன, நாற்பது வருஷம் வாய் வலிக்கக் கூப்பிட்ட பேர், ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் இந்தப் பக்கம் காதில் விழும், டேய் சென்றாயா, மாட்டைப் பிடி, சென்றாயா, மழை வருது பாரு. "எங்க வீட்டுக்காரர் பேரு சென்றாயன்." இதுவும் வந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கிழட்டு வயசில் என்ன வெட்கம், யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள். நிலைக்கால் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டிலிருந்து விரிசல் கிளம்பி ஓட்டுச்சாய்ப்பு வரைக்கும் ஓடியிருந்தது, ஒரு விரல் போகும். பேரைச் சொல்லி முடிக்கிற நொடியில் வீடு அப்படியே சரிந்து தலையில் இறங்கிவிடுமோ. ஆகட்டும், இறங்கட்டும், உம்மோடு குப்பை கொட்டினது போதும், ஐம்பது வருஷம் உமக்கு எண்ணெய் தேய்த்தேன், ஆடி தவறாமல் மஞ்சள் பூசினேன், என்ன கண்டேன், என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது இந்த இடத்தைவிட்டு அசைந்தீரா. அசையவில்லை. அந்த மனுஷன்தான் ஓடினார். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பச்சைக்கரைச் சேலையை எடுத்தாள். கட்டிக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி முடிந்தாள். காலனி வீட்டுக்குக் கொல்லைவாசல் இருக்காதாம், ஒரே வாசல்தானாம், தலையாரி குறையாகத்தான் சொன்னார். அவர் அந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். குனியாமல் வருவார். வெந்நீர் கேட்பார், குளிர் தாங்காது அவருக்கு, காலையில் எழுந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவார். பேச்சு குறைவு. உப்பு குறைந்தாலும் சொல்லமாட்டார், நாம்தான் பார்த்துப் போடவேண்டும். இவ்வளவு நேரம் அவனாக இருந்தவன் எந்த இடத்தில் அவராக ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை. பச்சைக்கரையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீடு. ராக்குவின் வீடு. அவள் புருஷன் விறகுக்குப் போயிருக்கிறான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாலே அங்கே பேசுவது கேட்கும். "வீட்டுக்காரர் பேரு?" என்றார் ஆபீசர். "ஏம்மா, வீட்டுக்காரர் பேரு?" ராக்கு சிணுங்குகிறாள், "அதான்யா, பழனியில கோவணத்தோட நிக்கிறாரே." "யாரு நிக்கிறா?" தலையாரி குறுக்கே வந்து, "தண்டபாணி, சார். பொம்பளைங்க புருஷன் பேரச் சொல்லமாட்டாங்க. இங்க எல்லா வீட்டுலயும் இதே கதைதான்." ஆபீசர் இருமிக்கொண்டே, "இப்படியே ஒவ்வொரு வீட்டுலயும் விடுகதை போட்டா நான் எப்ப கீழ எறங்குறது, முகில் வேற மூடுது" என்றார். மாயக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ராக்குவுக்கு ஐந்து பேரப்பிள்ளைகள், இன்னும் பேரைச் சொல்ல வெட்கம், என்ன பொம்பளையோ. சிரித்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்து நின்றாள். எட்டிப் பார்த்தபோது அவர் தெரிந்தார். வாசலுக்கு இடதுபுறம், நிலைக்கால் மறைவில், சந்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், ஒரு துணிப்பை, மடித்த கம்பளி. அவளை நெருக்குவதாக இருக்கக் கூடாதாம், அதனால் முகத்தை ஓடைப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். சட்டை துவைத்துப் போட்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

ஆபீசர் வந்துவிட்டார். பின்னால் தலையாரி, பெயிண்ட் டப்பாவோடு ஒருத்தன், வேடிக்கை பார்க்க ராக்கு. "பேரு?" "மாயக்கா." "வயசு?" "அறுவத்தொண்ணு." "புள்ளைங்க?" "ஒண்ணு. இல்ல." ஆபீசர் பேனாவை உதறிக்கொண்டார். "வீட்டுக்காரர் பேரு?"

வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இது என்ன கூத்து, இப்போதுதானே அடுப்படியில் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். திரும்பவும் திறந்தாள், மூச்சு வந்தது, பேர் வரவில்லை. அவர் நிற்கிறார், சட்டை துவைத்துப் போட்டுக்கொண்டு நாலடியில் நிற்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவர் பேரை எப்படி. எந்தப் பொண்டாட்டி சொல்வாள். கன்னமெல்லாம் சூடாகியது, தலை தானாகக் குனிந்தது, பன்னிரண்டு வயதில் மஞ்சள் கயிறு ஏறினபோதுகூட இப்படிக் குனியவில்லை. ராக்குவைப் பார்த்தாள். சொல்லேன்டி, பக்கத்து வீட்டுக்காரி சொல்வதுதானே முறை, நாற்பது வருஷமாக உனக்குத் தெரியாததா, சொல்லேன். ராக்கு திருதிருவென்று விழித்தாள். "அம்மா, நேரமாகுது" என்றார் ஆபீசர். மாயக்கா முகவாயைத் தூக்கி இடதுபுறம் காட்டினாள், வாசலுக்கு வெளியே, சந்துச் சுவரை. அந்தா, என்றாள். ஆபீசர் திரும்பிப் பார்த்தார். சந்துக்குள் ஒதுங்கி நின்றவர் அங்கிருந்து தெரியவில்லை, ஆபீசர் கண்ணுக்கு முன்னால் நின்றது நிலைக்கால். "எதும்மா, இந்த மரமா?" ராக்குவுக்கு இப்போது புரிந்துவிட்டது, "ஆமாங்க, அவ வீட்டுக்குக் கட்டுனவ. அவளுக்கு வீடுதான் வீட்டுக்காரரு" என்றாள் நல்ல மனசோடு. தலையாரி பழக்கத்தை எடுத்துச் சொன்னார், ஆபீசர் சளியோடு சிரித்தார், "இத நான் எந்தக் கட்டத்துல எழுதுறது" என்றார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள் மாயக்கா. "இல்லியா? சரி, இல்லைன்னே எழுதிக்கிறேன்" என்று ஆபீசர் எழுதினார். தனியாள். எழுதும்போது சத்தமாகவே சொல்லிக்கொண்டு எழுதினார்.

எல்லாம் ஒரு மூச்சுக்குள் நடந்துவிட்டது. பெயிண்ட்காரன் அவள் தலைக்குப் பக்கத்தில் சுவரில் இரண்டு இழுப்பு இழுத்தான், மண்ணெண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. ஆபீசர் இரண்டடி நகர்ந்து சந்துப்பக்கம் திரும்பி, "பெரியவரே, வீடு போனவர் நீங்கதானே, உங்க குடும்பம் எந்த வீட்டுல எழுதியிருக்கு?" என்று கேட்டார். கிழவர் சுவரை விட்டு நிமிர்ந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. கோபம் இருந்ததுபோலவும் தெரியவில்லை, ஊற்றுப் பக்கம் நின்று பேசுவாரே, அதே குரல். "குடும்பம் இல்லீங்க. தனியாளு." ரேகை வாங்கினார்கள். பெருவிரலை எச்சில் தொட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். நில்லுங்க, என்று அவள் சொன்னாள், அல்லது சொன்னதாக நினைத்தாள், அது யாருக்கும் கேட்கவில்லை. நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கியவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, மகாராஜரைப் பற்றிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அதற்குள் அவர் இறக்கத்தில் இறங்கி, கம்பளியை முதலில் போட்டு, பையைப் போட்டு, பின்கம்பியைப் பிடித்து ஜீப்பில் ஏறி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். ஆபீசர் முன்னால் ஏறினார், முகில் முதல் வளைவை மூடிக்கொண்டிருந்தது, டிரைவர் விளக்கைப் போட்டான். போகிறான். தனியாள். அவள் தனியாள், அவன் தனியாள், அவளுக்கு ஒரு டவுன் அவனுக்கு ஒரு டவுன்.

"சென்றாயா!"

தடங்கல் இல்லாமல், முழுசாக, ஓடையைத் தாண்டிக் கேட்கிற பழைய குரலில் வந்தது. "டேய் சென்றாயா, சென்றாயா" என்று நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். ராக்கு பயந்து அவள் தோளைத் தொட்டாள். ஜீப்பில் சென்றாயன் திரும்பிப் பார்த்தான், நன்றாகக் கேட்டிருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடுகிறவளுக்கு, ஊரில் யார் கூப்பிட்டாலும் ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டினான். போயிட்டு வர்றேன் என்றுகூடக் கையைக் காட்டினான். ஜீப் நகர்ந்தது.